தாமான் வீட்டுக் கோழிகள்: சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பம் முதலில் தோற்றதும் பிறகு நிலைத்ததும்

சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கோழி வளர்ப்பை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், லயத்துக்குப் பின்னால் கோழி மேய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் பால்மரத்தடியில் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தானாக வந்து அடையும், விருந்தாளி வந்தால் ஒன்றைப் பிடிப்போம், அவ்வளவுதான் வேலை. அந்த நினைப்போடு தாமான் வீட்டில், அதாவது நெருக்கமான குடியிருப்புப் பகுதி வீட்டில், கோழி வாங்குகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். தீவனக் கடையில் பல வருடம் வேலை பார்த்ததில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆசையாக மூட்டை வாங்கிக்கொண்டு போனவர் கொஞ்ச நாளில் "எல்லாம் போச்சு தம்பி" என்று வந்து நிற்பார்.

அப்படி வந்து நின்ற ஒரு குடும்பத்தின் கதை இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்கள். தோட்டத்தில் பாதி வேலையை நிலமே பார்த்துக்கொண்டது. எச்சத்தை மண் தின்றது, புழு பூச்சியை மண் கொடுத்தது, சீக்குக் கோழி ஒதுங்கிப் போய்ச் சாக இடம் இருந்தது, சேவல் கூவினால் கேட்பவர்களும் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு, எழுந்துகொள்ள வேண்டியவர்கள்தான். தாமானில் அத்தனை வேலையும் நம் கைக்கு வருகிறது. அதை ஒத்துக்கொண்டு தொடங்கினால் நடக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நடக்காது. இந்தக் குடும்பத்தில் இரண்டையும் பார்த்தேன்.

வீட்டு நிலவரம்

ஒற்றை மாடி வரிசை வீடு, மூலை மனை, பக்கவாட்டில் நீளமாக ஒரு துண்டு நிலம். பெரியவர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கார அம்மா, ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஒட்டினாற்போல் ஒரு மாக்சிக் (மலாய் அம்மா) வீடு, பின்சந்தைத் தாண்டி ஒரு சீன அங்கிள் வீடு.

கோழி ஆசை வந்தது 2022-இல். அந்த வருடம் ஜூன் முதல் தேதி மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது, வருடக் கடைசியில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது, டிசம்பரில் நாமக்கல்லிலிருந்து நமக்கு முட்டை வந்து இறங்கியது. நாமக்கல் முட்டை வாங்கித் தின்கிற நிலைமையா நமக்கு என்று பெரியவருக்கு ஒரே ரோஷம். இரண்டு இடத்தில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினார். சேவல் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டது. பழைய பலகை, கடையில் விற்கும் அறுகோணக் கோழிவலை, மேலே சிங்க் தகடு, கீழே சிமெண்ட் தரை. கூண்டை மாக்சிக் வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டார், தன் வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று. தீவனம் என்றால் மிச்சச் சோறும் தவிடும்தான்.

முதல் கூட்டம் போன விதம்

முதலில் நாற்றம். பெரியவருக்கு அது புரியவே இல்லை. "தோட்டத்துல இருபது கோழி வெச்சிருந்தேன் தம்பி, ஒருத்தன் நாத்தம்னு சொன்னதில்ல" என்றார். உண்மைதான், ஆனால் அந்த இருபது கோழி ஏக்கர் கணக்கில் எச்சமிட்டது. ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்னும் தீவனத்தின் எடைக்குக் குறையாமல் ஈர எச்சம் போடும். ஏழு கோழி ஒரு சிமெண்ட் தரையில் போட்டால் வாரத்துக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. அதில் தண்ணீர் பட்டால்தான் யூரிக் அமிலம் உடைந்து அமோனியாவாகி மூக்கைப் பிடுங்கும். நம் பக்கம் சாயங்காலமானால் இடியோடு மழை, அதுவும் சாய்ந்து அடிக்கிற மழை. தகடு கூண்டின் விளிம்போடு நின்றுவிட்டதால் உள்ளே பாதி நனைந்தது. போதாததற்கு அம்மா தினமும் குழாய் வைத்துக் கழுவினார். சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் சிமெண்ட் காயவே இல்லை, கழுவிய தண்ணீர் கால்வாயில் தேங்கியது, ஈ மொய்த்தது. மாக்சிக் பொறுமைசாலி, அதிகாரிகளிடம் போகாமல் மருமகளைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

அப்புறம் சேவல். விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்போதே கூவும். கூண்டின் மேல் கறுப்புத் துணி போட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. 2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை இரவு பகல் தெரியாமல் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் விடியலை ஒட்டிக் கூவின, அதற்கு விடியல் வெளிச்சம் தேவையில்லை, உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்று கண்டார்கள். ஆகவே துணி போட்டால் அடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. பெட்டை சேவல் இல்லாமலும் முட்டையிடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். இதைத் தோட்டத்துப் பெரியவர்களே பலர் ஏற்க மாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் சாவா பாம்பு (மலைப்பாம்பு). பெரிய பாம்புகூட இல்லை, ஒரு பெட்டையை விழுங்கிவிட்டு வயிறு உப்பிப்போனதால் வந்த ஓட்டை வழியே வெளியே போக முடியாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. பொம்பாவை (தீயணைப்புத் துறையை) கூப்பிட்டுப் பிடித்தார்கள். வலையைப் போய்ப் பார்த்தேன். பலகையும் வலையும் சேருகிற இடத்தில் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே வலை தளர்ந்து, நான்கு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அது போதாது. நாய் கடித்து இழுத்தால் பிய்யும், மூசாங் (மரநாய்) சந்து தேடும், எலி சும்மா நுழையும். சிலர் வேலிக்குப் போடும் பி.ஆர்.சி. கம்பியைக் கட்டுகிறார்கள், கம்பி கெட்டிதான், ஆனால் அதன் கண் பாம்பு போய்வரும் அளவு பெரியது.

பாம்பு ஒன்றைத்தான் தின்றது. மிச்சத்தைக் கொண்டுபோனது சீக்கு. அதற்குப் பிறகு அம்மா ஆசைப்பட்டு ஊர்ச் சந்தையில் இரண்டு நாட்டு வெடை (இளம் பெட்டை) வாங்கி அன்றைக்கே கூண்டில் விட்டார். சில நாளில் அதில் ஒன்று சோர்ந்து உட்கார்ந்தது, பச்சையாகக் கழிந்தது, வாயைத் திறந்து மூச்சு இழுத்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்பக்கம் திரும்பியதைப் பார்த்துத்தான் பயந்துபோய் என்னிடம் வந்தார்கள். நான் போவதற்குள் பாதி முடிந்துவிட்டது. அறிகுறி எல்லாம் நியூகாசல் நோயைக் காட்டியது, மலாயில் சம்பார் ஆயாம் என்கிறார்களே, அதுதான். 1926 வாக்கில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் பக்கமும் முதலில் பதிவான நோய். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே போகும். வந்த பிறகு மருந்து கிடையாது, மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்ததில் ஒன்றும் ஆகவில்லை. நேர்ந்துவிட்ட சேவலும் போனது. பெரியவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

செத்த கோழியை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊரே சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆற்றிலோ கால்வாயிலோ குப்பையிலோ போடவில்லை. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். கோழிகள் கொத்தாகச் செத்தால் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். 2004-இலும் 2017-இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக் கோழிகளும் அதில் மாட்டின, அந்தக் காய்ச்சலுக்கும் நியூகாசலுக்கும் வெளிப்பார்வையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மறுபடி தொடங்குமுன்

கூண்டைப் பிரித்து, தரையைக் கழுவிக் கிருமிநாசினி அடித்து, மாதக்கணக்கில் வெயில் காயவிட்டார்கள். இந்த இடைவெளியில்தான் உருப்படியான வேலை நடந்தது, கோழி ஒன்றுகூட இல்லாமல்.

முதல் வேலை விதியை விசாரித்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று துணைச்சட்டங்கள் வைத்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் கோழி வைக்கலாமா, எத்தனை, அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று புகார் போனால் எங்கேயும் நடவடிக்கை எடுக்க முடியும். பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேரில் கேளுங்கள். மகன் போய்க் கேட்டு வந்தார். இரண்டாவது, மருமகள் மாக்சிக்கிடமும் அங்கிளிடமும் போய் முன்கூட்டியே சொன்னார்: சேவல் கிடையாது, நான்கு பெட்டைதான், நாற்றம் வந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். இந்த ஒரு பேச்சு வலையைவிடப் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

கூண்டின் இடம் மாறியது. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூண்டு அடுத்த வீட்டுச் சுவரிடம் இருக்கக்கூடாது, நம் சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வாடை வந்தால் முதலில் நம் மூக்குக்குத்தான் வர வேண்டும். அப்போதுதான் மறுநாளே சரிசெய்வோம்.

அளவு: அடைவதற்கு நான்கடிக்கு ஆறடி, அதை ஒட்டி நடமாட ஆறடிக்குப் பத்தடி. ஒரு கோழிக்கு உள்ளே நான்கு சதுர அடியும் வெளியே எட்டு, பத்து சதுர அடியும் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, நெருக்கினால் ஒன்றை ஒன்று கொத்திப் பிடுங்கும். சுற்றிலும் அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான வெல்டிங் வலை, அதை மண்ணுக்குள் ஒரு அடி இறக்கி வெளிப்பக்கமாக மடித்தார்கள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். தகடு எல்லாப் பக்கமும் இரண்டடி நீட்டி நிற்கிறது. தகட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு அத்தாப்பு (ஓலைக் கீற்று) கட்டினார் பெரியவர், அது அவர் யோசனை, அருமையான யோசனை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, முப்பது டிகிரி தாண்டினாலே இறக்கையை விரித்து வாயைத் திறந்து இரைக்க ஆரம்பிக்கும். வெறும் தகட்டுக்கு அடியில் மத்தியானம் அடுப்படிதான். கோழியைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. குளிரிலிருந்து காப்பதும் பனிக்காலத்தில் விளக்கு போடுவதும் பக்கம் பக்கமாக இருக்கும், நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், இங்கே சூடும் ஈரமும்தான் எதிரி.

தரைக்கு வருகிறேன், எல்லாம் இதில்தான் இருக்கிறது. சிமெண்ட்டை உடைத்து மண்ணாக்கினார்கள். அதன் மேல் நாற்காலி மேசை செய்யும் கடையில் கிடைத்த மரச்சீவலும் நெல் உமியும் அரை அடி உயரத்துக்குக் கொட்டினார்கள். எச்சம் அதற்குள் விழும், கோழியே கிளறிக் கலந்துவிடும், ஈரம் உறிஞ்சப்படும். வாரத்துக்கு இரண்டு தடவை அம்மா மண்வெட்டியால் புரட்டுகிறார். ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும், உருண்டையாகப் பிடித்தால் ஈரம் கூடிவிட்டது, மேலே இன்னும் உமி போட வேண்டும். குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே போகக்கூடாது. அவர்கள் வீட்டில் மழை நாளில் நான் போய் நின்று பார்த்திருக்கிறேன், கூண்டுக்குள் குனிந்தால்கூட மரவாடைதான் வருகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை அதை அள்ளிக் குவித்து, நன்றாக மட்கவிட்டு, பிறகே கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் போடுகிறார்கள். பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் கருகிவிடும்.

கோழி வந்த பிறகு

சேவல் பேச்சு வீட்டில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதே என்று பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில் செம்பனை ஓரத்தில் வீடு உள்ள மச்சானிடம் ஒரு சேவல் குஞ்சை விட்டு வளர்த்து, திருவிழாவுக்கு அங்கிருந்தே கொண்டுபோனார்கள். நல்ல தீர்வு.

வீட்டுக்கு வந்தது நான்கு பழுப்பு முட்டை வெடைகள், பதினாறு வார வயது. குஞ்சு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். குஞ்சுக்கு முதல் வாரம் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்து டிகிரி சூடு கொடுக்க வேண்டும், ரத்தக் கழிச்சலுக்குப் பார்க்க வேண்டும், தடுப்பு மருந்து வரிசையாகப் போட வேண்டும், வளர்ந்த பிறகு பாதி சேவலாக நிற்கும். புதிதாகத் தொடங்கும் தாமான் வீட்டுக்கு அது தேவையில்லாத சுமை. பண்ணையில் கழித்துவிடும் பெஞ்சேன் கோழி மலிவு என்று ஆசைப்படுவார்கள், அது கறிக்கு ஆகும், முட்டையை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். நாட்டுக் கோழி வேண்டும் என்றால் ஒரு விஷயம் தெரிந்து வாங்குங்கள்: பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும், அதற்குப் பிறகு நாள் கணக்கில் முட்டை கிடையாது.

வெடைகளை விற்றவரிடம் தடுப்பு மருந்து என்றைக்குப் போட்டது என்று கேட்டு எழுதி வாங்கினார் மகன். அடுத்த தவணைக்கான மருந்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பி நான்கு கோழிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு, கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இந்த நோய்க்கான தடுப்பு மருந்து தயாரித்து வந்திருக்கிறது, ஆகவே நம் பக்கத்துக்காரர்களுக்கு இது எட்டாத பொருள் இல்லை. அந்தத் தாமானிலும் பின்னால் உள்ள கம்போங்கிலும் கோழி வைத்திருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொண்டார்கள். கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி கண்ணைச் சிமிட்டி உள்ளே இழுக்கும்வரை கையில் பிடித்திருக்க வேண்டும், அவசரப்பட்டு விட்டுவிட்டால் தலையை உதறும், மருந்து தரையில் விழும். பேரப்பிள்ளை பிடித்துக்கொள்ள, பெரியவர் சொட்டு விட்டார்.

தீவனம் இந்த முறை முட்டைக் கோழித் தீவனம். புரதம் பதினாறிலிருந்து பதினெட்டு சதவீதம், கால்சியம் மூன்றரை சதவீதத்துக்கு மேல். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம், நான்கு கோழிக்கு மாதம் பதின்மூன்று கிலோ சொச்சம், உங்கள் கடை விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சோறும் தவிடும் மட்டும் கொடுத்த காலத்தில் ஓடு காகிதம் மாதிரி வந்ததே, அது நின்றுவிட்டது. கோலா செபெத்தாங் கெராங் (சிப்பி) சாப்பிட்ட பிறகு அந்த ஓட்டைக் கழுவிக் காயவைத்து உரலில் இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார் அம்மா, வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறது. மிச்சக் கீரை, பப்பாளித் தோல், கொஞ்சம் சோறு உண்டு, உப்பும் மசாலாவும் பட்டது கிடையாது, பூசணம் பிடித்தது எதுவுமே கிடையாது. தேங்காய்ச் சக்கை என்றால் பிழிந்த அன்றே, மறுநாள் வைத்தால் சிக்கெடுத்துவிடும். இருட்டுமுன் மிச்சத் தீவனத்தை எடுத்து மூடிபோட்ட வாளியில் வைத்துவிட வேண்டும். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் கூடவே வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தண்ணீர் தீவனத்தைப்போல இரண்டு மடங்கு, வெயில் நாளில் அதற்கும் மேலே. பிள்ளைகள் கூண்டைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், சால்மோனெல்லா கிருமி பார்க்க நன்றாக இருக்கும் கோழியிடமும் இருக்கும்.

இருபதாவது வாரத்தை ஒட்டி முதல் முட்டை வந்தது, சின்னதாக, ஒரு பக்கம் ரத்தக் கீற்றோடு. அது சகஜம்தான். பிறகு நான்கும் சூடு பிடித்தன. ஆறு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு சில நாள் போகக் கடையில் வாங்குவதில்லை. மாக்சிக்குக்கும் அங்கிளுக்கும் போகிறது.

லாபமா என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: கூண்டுக் காசையும் சேர்த்துப் பார்த்தால் முட்டை மலிவாகக் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் முட்டை மானியம் முழுவதும் நின்ற பிறகும் கணக்கு பெரிதாக மாறவில்லை. பண்ணைக்காரன் டன் கணக்கில் தீவனம் வாங்குகிறான், நாம் மூட்டை வாங்குகிறோம். காசு மிச்சம் என்று மட்டும் நினைத்து இறங்க வேண்டாம். புது முட்டை, நல்ல எரு, காலையில் பெரியவருக்கு ஒரு பொறுப்பு, பேரப்பிள்ளைகளுக்குக் கோழி கேறுகிற சத்தம் தெரிகிறது, இதெல்லாம் கணக்கில் சேர்ப்பவர்களுக்குத்தான் இது ஒத்துவரும்.

இன்னும் முடிவாகாத விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு வயதைத் தாண்டினால் முட்டை வருடா வருடம் குறையும், கோழி அதற்கு மேலும் பல வருடம் இருக்கும். நான்கில் ஒன்று இப்போதே நாள் விட்டு நாள்தான் இடுகிறது. குழம்பு வைக்கலாம் என்கிறார் பெரியவர், பெயர் வைத்துக் கூப்பிடும் கோழியை அறுக்கக்கூடாது என்று பிள்ளைகள் அழுகிறார்கள். வாங்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. அவர்கள் இப்போதைக்குச் செய்திருப்பது இதுதான்: பழையது அப்படியே இருக்கட்டும், இரண்டு புது வெடை வரும், வந்ததும் கூண்டில் விடாமல் வீட்டின் மறுபக்கம் துணி காயப்போடும் இடத்தில் மூன்று வாரம் தனியாக, தனிச் செருப்பு, தனித் தண்ணீர்ப் பாத்திரம், பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகுதான் புதியவற்றிடம் போவது. அந்தச் சின்னக் கூண்டை மகன் போன வாரமே வெல்டிங் வைத்துவிட்டார்.